புலிக்கும் இரை தருபவர்

இறைவனின் பராமரிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நினைவுக்கு முதலில் வருவன, மலைப்பொழிவில் ஆண்டவர் சுட்டிக்காட்டிய வானத்துப் பறவைகளும் வயல்வெளி மலர்களுமே. அவை இனிய காட்சிகள். எவர் மனத்தையும் நெருடாதவை. நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் அவற்றை அச்சிட்டு மகிழ்கிறோம். ஆனால் அதே இறைவன் புலியையும் பராமரிக்கிறார் என்று ஒருவர் சொன்னால் நம் மனம் சற்றே தயங்குகிறது. பறவைக்கு அவர் தரும் உணவு தானியம். புலிக்கு அவர் தரும் உணவோ மற்றோர் உயிர். அந்த உயிர், ஏழை ஒருவரின் வீட்டுப் பசுவாக இருந்துவிட்டால்?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டாரத்தில், எமரால்டை அடுத்த அவலாஞ்சிப் பகுதியில் இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. சற்றுத் தொலைவில் பசு ஒன்றின் உடலும் கிடந்தது. தம் பசுவைப் புலி அடித்துக் கொன்றதால் மனம் கொதித்து, அதன் உடலில் நஞ்சு வைத்ததாக ஒருவரை வனத்துறையினர் கைது செய்தனர். தின்ன வந்த இரண்டு புலிகளும் அந்த நஞ்சால் மாண்டன. அந்த ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மட்டும் நீலகிரியில் குட்டிகள் உட்படப் பத்துப் புலிகள் இறந்தன. எல்லாம் நஞ்சால் இறந்தவை அல்ல, காரணங்கள் வெவ்வேறு. ஆயினும் அவலாஞ்சியில் நடந்ததுதான் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. ஏனெனில் அங்கே புலியின் பசி, பசுவின் சாவு, மனிதனின் சினம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. அந்த இடத்தில் இறைவனின் பராமரிப்பு எங்கே இருந்தது?

குந்தாவின் மலைகள்

கேள்விக்கு விடை தேடுமுன் அந்த மண்ணைச் சற்றே அறிந்துகொள்வோம். உதகையிலிருந்து மேற்கும் தெற்குமாக விரியும் குந்தா மலைகள், ஒரு காலத்தில் புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்த நிலமாக இருந்தன. மேட்டில் புல், மடிப்புகளில், நீர் கசியும் பள்ளங்களில் சோலை. பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாக வெளியிடும் நிலம் அது. அங்கே பிறக்கும் நீரே பவானியாகிக் காவிரியில் கலந்து, சமவெளியின் வயல்களை அடைகிறது.

ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரங்களாலும் கற்பூர மரங்களாலும் மூடப்பட்டது. சரிவுகளில் தேயிலை ஏறியது. 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டின் உதவியுடன் தொடங்கப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தால் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி போன்ற நீர்த்தேக்கங்கள் எழுந்தன. எஞ்சிய உயர்நிலப் புல்வெளியைக் காக்கவும், அங்கு வாழும் வரையாட்டைக் காக்கவும், முக்கூர்த்திப் பகுதி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வரையாட்டுக்காகக் காக்கப்பட்ட அந்தப் புல்வெளியில் கடமானும் பெருகிற்று. கடமானைத் தேடிப் புலியும் தங்கிற்று.

ஆகவே குந்தாவில் காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே தெளிவான எல்லை ஒன்று இல்லை. படகர்களின் ஹட்டிகள், தோடர்களின் மந்துகள், தேயிலைத் தொழிலாளரின் லைன் வீடுகள், காய்கறித் தோட்டங்கள் ஆகியவற்றை அடுத்தே சோலை இருக்கிறது. சோலையை அடுத்தே புல்வெளி. தோடர்களின் எருமைகள் புலிக்கு இரையாவதும் உண்டு. பச்சைத் தேயிலையின் விலை விழும்போதெல்லாம் பல குடும்பங்களைத் தாங்கிப் பிடிப்பது கொட்டகையில் நிற்கும் ஒரு பசுதான். காலையில் கறக்கும் சில லிட்டர் பாலே அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவு. அதை மறந்துவிட்டுப் புலியின் அழகைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

உடலில் பொறிக்கப்பட்ட அக்கறை

ஆனால் பசுவை நினைத்துப் புலியைப் பாராமல் போவதும் நேர்மையாகாது. படைப்பில் கடவுளின் அக்கறையைக் காண விரும்புகிறவர் புலியின் உடலைச் சற்றே கூர்ந்து நோக்கட்டும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அதன் செம்மஞ்சள் நிறம், மானின் கண்ணுக்குப் பச்சையோடு பச்சையாகவே தோன்றுகிறது. அதன்மேல் ஓடும் கருவரிகள் புல்லின் நிழலோடு கலந்துவிடுகின்றன. அந்த வரிகள் எந்த இரண்டு புலிகளுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கெடுப்பவர்கள் இந்த வரிகளைக் கொண்டே ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள். நம் தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கிற தந்தை, புலியின் வரிகளையும் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார் என்று எண்ணும்போது உள்ளம் வியக்கிறது.

புலியின் வலிமையைக் கண்டு அஞ்சும் நாம் அதன் வறுமையை அறிவதில்லை. அது பாயும் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை வீணாகின்றன. ஒரு புலி உயிர்வாழ ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு பெரிய மானாவது வேண்டும். பெண்புலி மூன்றரை மாதம் கருவைச் சுமந்து, கண் திறவாத குட்டிகளை ஈன்று, தகப்பனின் துணையின்றித் தனியே வளர்க்கிறது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவற்றுக்கு வேட்டையைக் கற்றுத் தருகிறது. ஆபத்து நெருங்கும்போது குட்டியைப் பிடரியில் கவ்விப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச் செல்கிறது. காட்டெருமையின் கழுத்தை நெரிக்கும் அதே பற்கள், குட்டியின் தோலில் ஒரு கீறலும் விழாமல் பற்றிக்கொள்கின்றன. அந்த வலிமைக்குள்ளே அந்த மென்மையை வைத்தவர் யார்?

இரவும் பகலும்

விவிலியம் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்லவில்லை. 104-ஆம் திருப்பாடல், படைப்பு முழுவதையும் பார்த்துப் பாடும் ஒரு நீண்ட புகழ்ப்பா. அதில் சிங்கக்குட்டிகளும் வருகின்றன. இரவில் அவை எழுப்பும் கர்ச்சனையை, கடவுளிடம் உணவு கேட்கும் மன்றாட்டாகவே திருப்பாடல் ஆசிரியர் கேட்கிறார். நாம் அச்சத்தோடு கேட்கும் ஒலியை அவர் செபமாகக் கேட்கிறார்! அதைத் தொடர்ந்து அவர் கூறுவது இன்னும் கவனிக்கத்தக்கது. கதிரவன் எழுந்ததும் விலங்குகள் தம் குகைகளுக்குத் திரும்புகின்றன. மனிதன் வேலைக்குப் புறப்பட்டு மாலைவரை உழைக்கிறான். வேலி போட்டு நிலத்தைப் பிரிப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரே நிலத்தை இறைவன் நேரத்தால் பகிர்ந்தளித்திருக்கிறார் என்கிறார்: பகல் உழைப்பவனுக்கு, இரவு விலங்குக்கு. காலையில் தேயிலை கிள்ளும் பெண்கள் நடக்கும் அதே தடத்தில் முந்தின இரவு புலி நடந்திருப்பது குந்தாவில் புதுமை அன்று. பாலஸ்தீனத்தின் மலைகளில் பாடப்பட்ட அந்தப் பாடல் நம் மலைகளையும் அறிந்திருக்கிறது.

யோபு நூலும் இதையே வேறொரு குரலில் கூறுகிறது. துன்பத்தின் நடுவே நீதி கேட்டு நின்ற யோபுவிடம் ஆண்டவர் சூறாவளியினின்று பேசும்போது, சிங்கத்துக்கு இரை தேடிக் கொடுப்பது நீயா என்று வினவுகிறார். சற்றுப் பின்னர், வரையாடுகள் ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்றும் வினவுகிறார். நம் தமிழ் விவிலியம் அந்த மலையாட்டுக்கு வரையாடு என்றே பெயர் சொல்கிறது. இரை தேடும் கொடுவிலங்கும், இரையாகக் கூடிய ஆடும், ஆண்டவரின் அதே உரையில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இரண்டும் அவருடையவை. முக்கூர்த்தியின் பாறைகளில் நின்று பார்ப்பவர்க்கு இந்த அதிகாரங்களுக்கு உரை தேவைப்படாது.

பசுவுக்கு ஏற்பட்ட தீமை

இருந்தும் ஒரு நெருடல் எஞ்சுகிறது. புலிக்கு நன்மையானது பசுவுக்குத் தீமையாக இருக்கிறதே! இதைத் திருச்சபையின் மாபெரும் சிந்தனையாளரான புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிப் பார்த்தார். எல்லாத் தீமையையும் கடவுள் தடுத்துவிட்டால் உலகில் பல நன்மைகளும் இல்லாமற்போகும் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, மற்ற விலங்குகள் கொல்லப்படாவிட்டால் சிங்கம் வாழ இயலாது என்பது. ஆதாம் பாவம் செய்ததால்தான் சிங்கம் ஊன் உண்ணத் தொடங்கிற்று என்று சொல்வோரையும் அவர் ஏற்கவில்லை. மனிதனின் பாவம் விலங்கின் இயல்பை மாற்றிவிடவில்லை என்பது அவர் முடிபு. புலி ஊன் உண்பது அதன் குற்றம் அன்று; யாருடைய குற்றத்தின் தண்டனையும் அன்று. அது இறைவன் அதற்குத் தந்த இயல்பு.

ஏன் இத்தனை வகை உயிர்கள் என்ற கேள்விக்கும் அதே புனிதரிடம் விடை உண்டு. இறைவனின் நன்மைத்தனம் அளவற்றது. எந்த ஒரு படைப்பும் தனியே அதை முழுமையாக எடுத்துக்காட்ட முடியாது. ஆகவே ஒன்றில் குறைவது மற்றொன்றில் வெளிப்படுமாறு அவர் பலவற்றைப் படைத்தார் என்கிறார். பசுவில் இறைவனின் கொடை விளங்குகிறது. புலியில் அவருடைய மாட்சி விளங்குகிறது. நம் கைக்குள் அடங்காத அவருடைய தன்னுரிமை விளங்குகிறது. நமக்குப் பயன்படுவதை மட்டுமே படைத்த கடவுள் நம் வீட்டு வேலைக்காரரைப் போலாகிவிடுவார். நமக்குப் பயன்படாத, ஏன், நம்மை அச்சுறுத்தவும் செய்கிற ஓர் உயிரை அவர் அன்போடு பராமரிக்கிறார் என்பதில்தான் அவர் நம்மிலும் பெரியவர் என்பது நமக்கு விளங்குகிறது.

நஞ்சு ஏன் பாவம்?

அப்படியானால் புலியைக் கொல்வது எந்நிலையிலும் கூடாதா? இங்கே நாம் வேறுபாடுகளை அறிந்து பேச வேண்டும். 2014 ஜனவரியில் உதகையைச் சுற்றியுள்ள ஊர்களில் மூன்று பேரைக் கொன்ற புலி ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. மனித உயிரைக் காக்க வேறு வழியற்ற நிலையில் அதிகாரம் பெற்றவர்கள் செய்த செயல் அது. கடவுளின் சாயலைத் தாங்கிய மனித உயிரின் மதிப்பு தனியானது என்று திருச்சபை எப்போதும் கற்பித்து வருகிறது. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் மனிதரைக் கொன்றதாகக் கருதப்பட்ட மற்றொரு புலியைப் பல நாள்கள் காட்டில் தேடி அலைந்து, அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். வருத்தமும் செலவும் மிகுந்த வழிதான். ஆயினும் கொல்லாமலே மக்களைக் காக்கும் வழி ஒன்று இருக்கும்போது அதைத் தேடுவது நம் கடமை என்பதை அது காட்டிற்று.

நஞ்சு இவ்விரண்டு வழிகளிலும் சேராது. அது தற்காப்பும் அன்று. பசு ஏற்கெனவே இறந்துவிட்டது. நஞ்சுக்கு ஆள் தெரியாது. பசுவைக் கொன்ற புலியோடு, கொல்லாத புலியும் அதைத் தின்னலாம். தாயைத் தொடர்ந்து வந்த குட்டி தின்னலாம். நரியும் காகமும் ஊர்நாயும் தின்னலாம். அவலாஞ்சியில் ஒரு பசுவுக்காக இரண்டு புலிகள் மாண்டதே இதற்குச் சான்று. இதே மாவட்டத்தின் மறுபுறம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில், தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள கழுகுகளில் பெரும்பாலானவை வாழ்கின்றன. மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி மருந்து ஒன்று அதன் பிணத்தின் வழியே சென்று, இந்தியாவின் கழுகுகளை ஏறக்குறைய அழித்தேவிட்டதை நாம் கண்டோம். பிணம் என்று நாம் விலக்குவது காட்டின் பந்தி. பசித்த உயிர்களுக்கு இறைவன் விரித்த அந்தப் பந்தியில் நஞ்சைக் கலப்பது, புலிக்கு எதிரான செயல் மட்டும் அன்று. பந்தி விரித்தவருக்கே எதிரான செயல்.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகள் இறைவனின் பராமரிப்புக்குள் இருப்பவை என்றும், வாழ்வதாலேயே அவரைப் போற்றுகின்றன என்றும் 2416-ஆம் எண்ணில் கூறுகிறது. அவற்றைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை என்று 2418-ஆம் எண்ணில் எச்சரிக்கிறது. ஆனால் அதே எண், மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த ஞானத்தை நாம் இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது. விலங்கின் பக்கம் நின்று ஏழையை மறப்பவர்கள் உண்டு. ஏழையின் பக்கம் நிற்பதாகச் சொல்லி விலங்கை அழிப்பவர்களும் உண்டு. இரு சாராரும் அந்த எண்ணின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

விலையைக் கொடுப்பவர் யார்?

இந்தியப் புலிகள் அழியும் நிலையிலிருந்து மீண்டது பெருமைக்குரிய செய்தி. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 2006-இல் 76 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-இல் 306 ஆயின. இந்த எண்ணைக் கேட்டு நாடே மகிழ்ந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியின் விலையை நாடு முழுவதும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்ததா? சென்னையிலும் மதுரையிலும் தொலைக்காட்சியில் புலியைக் கண்டு மகிழ்வோர் ஒன்றும் இழக்கவில்லை. இழந்தவர் கொட்டகையில் ஒற்றைப் பசு வைத்திருந்தவர். புலி எல்லாருடைய செல்வம் என்றால், அதனால் வரும் இழப்பும் எல்லாருடைய இழப்பாக வேண்டும். ஒருவர் தலையில் மட்டும் அதைச் சுமத்திவிட்டு, அவர் சினம் கொள்ளும்போது அறம் பேசுவது நீதியாகாது. நஞ்சு வைத்தவரின் செயல் தவறு. அந்த நஞ்சு வரையில் அவரைத் தனியே விட்ட நம் அனைவரின் அலட்சியமும் தவறே.

புனித பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றி வழங்கும் கதைகளுள் குபியோ நகரத்து ஓநாயின் கதை நாம் அறிந்ததே. மக்களையும் கால்நடைகளையும் கொன்று வந்த ஓநாயைப் பிரான்சிஸ் சந்தித்து, சிலுவை அடையாளம் வரைந்து அடக்கினார் என்பதோடு பெரும்பாலும் கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் கதையின் உயிர் அதற்குப் பின்னே இருக்கிறது. ஓநாய் பசியால்தான் தீங்கு செய்தது என்று அந்தப் புனிதர் கண்டுகொண்டார். அதனால் ஓநாய்க்கும் நகரத்துக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்துவைத்தார். ஓநாய் இனித் தீங்கு செய்யாது. ஊரார் அனைவரும் சேர்ந்து அதற்கு உணவளிப்பார்கள். அச்செலவு யாரோ ஓர் ஆட்டிடையனின் தலையில் விழவில்லை, நகரமே ஏற்றுக்கொண்டது. நோவாவின் காலத்தில் கடவுள் செய்த உடன்படிக்கையும் மனிதரோடு நின்றுவிடவில்லை. பேழையினின்று வெளிவந்த காட்டு விலங்குகள் உட்பட எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது என்று தொடக்க நூல் சொல்கிறது. உடன்படிக்கை என்றாலே பல தரப்பினர் சேர்ந்து சுமப்பது என்று பொருள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நம்மை அழைத்தார். குந்தாவில் அந்த இரண்டு குரல்களும் ஒரே சரிவிலிருந்து எழுகின்றன. கால்நடையை இழந்தவர்க்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு அரசிடம் உண்டு. அது உரிய காலத்தில், பசுவின் உண்மையான மதிப்புக்கு ஈடாக, அலைக்கழிப்பு இன்றி வந்து சேர்ந்தால் ஒருவர் கையும் நஞ்சைத் தேடாது. உறுதியான மாட்டுக் கொட்டகை, இருட்டும் முன் வீடு சேர்க்கும் பேருந்து, தெருவிளக்கு, கழிப்பறை என எளிய தேவைகள் நிறைவேறினாலே மனிதரும் விலங்கும் எதிர்ப்படும் தருணங்கள் பெரிதும் குறையும். இரவும் பகலுமாக இறைவன் பகிர்ந்தளித்த அந்தப் பழைய ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டும் வழிகளே இவை.

இவற்றுள் அரசின் கடமை ஒரு பங்கு. நம் பங்கும் ஒன்று உண்டு. பசுவை இழந்த குடும்பம் நம் அன்பியத்திலோ பக்கத்துத் தெருவிலோ இருக்குமானால், அவர் எச்சமயத்தவராயினும், முதல் நாளிலேயே அவர் வீட்டு வாசலுக்குச் செல்வோம். மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்போம். அலுவலகத்துக்கு உடன் செல்வோம். இழப்பீடு வரும்வரை அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் தடைப்படாமல் பார்த்துக்கொள்வோம். சமவெளியில் வாழும் நாமும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. பவானியின் நீரைக் குடிக்கும் ஒவ்வொருவரும் அந்த மலைகளுக்குக் கடன்பட்டவரே.

சிங்கக்குட்டிகளின் கர்ச்சனையை மன்றாட்டாகக் கேட்கும் இறைவன், வெறுமையான கொட்டகையின் வாசலில் நிற்கும் ஏழையின் மௌனத்தையும் மன்றாட்டாகவே கேட்கிறார். புலியின் மன்றாட்டுக்கு அவர் காட்டின் வழியாக விடையளிக்கிறார். அந்த ஏழையின் மன்றாட்டுக்கு அவர் நம் வழியாகவே விடையளிக்க விரும்புகிறார்.